குமிழ் நடுவில்தான் நின்றது

முதலில் கெட்டது பாலா வெண்ணெயா என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. போன முறை உங்களிடம் பால் என்று சொன்னேன் போலிருக்கிறது. எழுதிக்கொண்டிருந்தால் அப்படியே இருக்கட்டும், மாற்ற வேண்டாம். இந்த வயதில் நடந்தவை வரிசையாக வருவதில்லை. ஒன்றைக் கூப்பிட்டால் வேறொன்று வந்து நிற்கிறது. முன்னது பின்னதாக நான் சொல்லிவிடலாம். நடக்காததைச் சொல்ல மாட்டேன்.

சின்ன ஃபிரிட்ஜ் அது. முழங்கால் உயரம்தான் இருக்கும். வேனுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே பொருத்தியிருந்தார்கள். ஒரு பால் பாக்கெட், சில முட்டைகள், கொஞ்சம் காய், கதவில் என் கணவருடைய இன்சுலின். அதற்கு மேல் இடம் கிடையாது. அவருக்குச் சுகர் வந்து பல வருடம் ஆகிறது. காலையும் இரவும் ஊசி போட்டுக்கொண்டால்தான் உடம்பு ஓடும். வேனில் எது கெட்டாலும் ஃபிரிட்ஜ் கெடக்கூடாது என்று புறப்படும் முன்பே சொன்னார். எஞ்சின் நின்றால் தள்ளிக்கொண்டாவது போகலாம் என்றார்.

அவர் சர்வேயராக இருந்தார். ஆபீசில் அவருக்கு லெவல் சார் என்று பெயர். முக்காலியை ஊன்றி, அதன்மேல் கருவியை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்க்கிற வேலை. வீட்டிலும் அதே வேலைதான். சாப்பாட்டு மேசை ஆடினால் தட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மேசையைச் சரிசெய்வார். சுவரில் மாட்டிய படம் நூலளவு சாய்ந்திருந்தாலும் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. அடுத்தவர் அளந்ததில் தப்புக் கண்டுபிடிக்க அவரை விட்டால் ஆளில்லை என்பார்கள். அவர் அளந்ததை யாரும் திரும்ப அளந்து பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை.

கெட்டவர் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, எனக்கு உடம்பு சரியில்லாதபோது கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார். பேசுவார், அவ்வளவுதான். எதைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்கிறேனா என்று நடுநடுவே சோதிப்பார்.

அவர் வேலையில் இருந்தவரை மாற்றல் மாற்றலாகப் போனோம். சாமான் கட்டிக் கட்டி என் விரல்களில் கயிற்றுத் தழும்பு உண்டு. ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு வீட்டில் உட்கார்ந்தோம். சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலடியில் ஒரு மரப்பெஞ்சு. மத்தியானத்தில் அவர் கண்ணயரும்போது நான் ஒரு புத்தகத்தோடு அங்கே போய் உட்காருவேன். பல நாள் பக்கம் திருப்பியதில்லை. சுவரில் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் எழுந்து இருமும் சத்தம் கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டு வருவேன். வேறு எதையும் நான் கேட்டதில்லை.

ஒருநாள் வாசலில் ஹார்ன் சத்தம். வேனோடு வந்து நின்றார்.

"ஆபீஸ் அனுப்புன எடத்துக்கெல்லாம் போனோம். இனிமே நாம நெனச்ச எடத்துக்குப் போவோம். எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"என் மூஞ்சியே இப்படித்தாங்க."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். படுக்கை பின்பக்கம், குறுக்கு வாட்டில். படுத்துக்கொண்டு கையை நீட்டினால் அடுப்பு தட்டும். அதற்குள் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். உட்கார்ந்தேன். வெளியே நின்று அவர் பேசுவது, உள்ளே என் காதுக்குள் பேசுவது போலக் கேட்டது.

ஃபிரிட்ஜைப் பற்றி அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தானாக ஒன்றும் தெரியாது.

"இதுல மோட்டாரே கெடையாது, தெரியுமா? கேஸ்ல ஓடுது. பின்னாடி சின்னதா ஒரு நெருப்பு எரியும். நெருப்ப வச்சுக் குளிர வைக்கிறான் பாரு, கெட்டிக்காரன்தான்."

"நெருப்ப வச்சா சூடுதானே ஆகும்?"

"அங்கதான் இருக்கு சூட்சுமம். குழாய்க்குள்ள ஒரு மருந்துத் தண்ணி இருக்கு. அது சூடாகி ஆவியாகி மேல போகும், ஆறினதும் தானா கீழ எறங்கும். பம்பு கிம்பு ஒண்ணும் கெடையாது, தன் கனத்துலதான் எறங்கணும். அதனால வண்டி மட்டமா நிக்கணும். கொஞ்சம் சாய்ஞ்சு நின்னாலும் தண்ணி ஒரு மூலையில தேங்கிடும். அப்புறம் நெருப்பு பாட்டுக்கு எரியும், குளிராது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்றேன். ஒருமுறை சொன்னாலே எனக்குப் புரிந்துவிடும். அவர் மூன்று முறை சொன்னார்.

மட்டம் பார்ப்பதற்காக ஒரு ரசமட்டம் வாங்கி வந்தார். கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் பச்சைத் தண்ணீரும் அதில் ஒரு காற்றுக் குமிழும், அது. விரல் நீளத்தில் சின்னதாக இருந்தது. தன்னுடைய பழைய கருவியை வெளியே எடுத்துத் துடைத்து, அரைநாள் செலவழித்து வேனைத் துல்லியமாக நிறுத்தி, ஸ்டீயரிங்குக்கு முன்னால் அந்த ரசமட்டத்தைக் குறுக்காக வைத்துப் பசை நாடாவால் ஒட்டினார். குமிழ் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து நின்றது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறந்த குழந்தையைக் காட்டுவது போலக் காட்டினார்.

தங்க இடம் பிடித்ததும் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் பலகைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவேன். அவர் குமிழைப் பார்த்துக்கொண்டு உள்ளேயிருந்து கத்துவார். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தச் சக்கரங்களுக்கு முன்னால் நான் பலகையை வைப்பேன். அவர் வண்டியை அதன்மேல் ஏற்றுவார். குமிழ் நடுவுக்கு வந்ததும் ஹார்ன் அடிப்பார். பக்கத்தில் வண்டி போட்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு மேலே ஏறுவேன்.

சில வாரங்கள் அப்படிப் போயின. பிறகு வெயில் ஏறியது. கண்ணாடிக்குப் பின்னால் பசை இளகி, ரசமட்டத்தின் இடது முனை தூக்கிக்கொண்டது. வண்டி ஓடும்போது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே வந்தது.

"அத அமுக்கி விடு," என்றார்.

காலியான இன்சுலின் பெட்டியின் மூடியைக் கிழித்து, மடித்து, அந்த முனைக்கு அடியில் செருகி அமுக்கினேன். சத்தம் நின்றது. சத்தத்துக்காகத்தான் வைத்தேன் என்று முதல் நாளே உங்களிடம் சொன்னேன். அது பொய்யில்லை. சத்தம் இருந்தது.

எத்தனை மடிப்பு என்று கேட்டீர்கள். முதலில் ஒரு மடிப்பு. சத்தம் அதிலேயே நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போனபோது அதை எடுத்து, இன்னும் சில மடிப்பு மடித்துத் திரும்ப வைத்தேன்.

பால் கெட்டது அதற்குப் பிறகுதான். வெண்ணெயும் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. காலையில் பல் விளக்கியதும் ஃபிரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். நெருப்பு நீலமாக எரிகிறதா மஞ்சளாக எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். கேஸ் சிலிண்டரை மாற்றினார். வெளிப்பக்கச் சல்லடையைக் கழற்றித் தூசி தட்டினார், அதில் ஒரு குளவிக்கூடு இருந்தது, இதுதான் இதுதான் என்று குதித்தார். இல்லை. புகை போகும் குழாயைப் பாட்டில் கழுவும் பிரஷால் தேய்த்தார். உச்சிமுதல் பாதம்வரை கரி. காற்றுக்கு ஒரு சின்ன விசிறி வாங்கி வைத்தார். எதற்கும் அது குளிரவில்லை. மூடிய பெட்டி, பின்னால் நெருப்பு, மேலே வெயில் காயும் தகரக் கூரை. சில மத்தியானங்களில் உள்ளே கைவைத்தால் வெளியைவிடச் சூடாக இருந்தது.

"இந்தா, ஒரு காகிதம் குடு. கதவு இடுக்குல வச்சு இழுத்துப் பாக்கலாம். இறுக்கமா இருந்தா ரப்பர் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

கொடுத்தேன். "இறுக்கமா இருக்கா?"

"உன் வாய் மாதிரி இருக்கு. தொறக்கவே மாட்டேங்குது."

பக்கத்து வண்டிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அவர் நகைச்சுவையாகப் பேசக்கூடியவர்.

வண்டி ஒவ்வொரு இடத்திலும் இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. குமிழ் மட்டும் நடுவில் நின்றது. மேசையில் வைத்த முட்டை இடப்பக்கம் உருண்டு ஓடியது. மேசையைச் சரியாகப் பொருத்தவில்லை என்று வேன் விற்றவனைத் திட்டினார். இடப்பக்கம்தான் அவருக்குத் தலைமாடு. காலையில் எழுந்தால் தலை கனக்கிறது என்பார், தலையணையைத் திட்டினார். எங்கே போய் நின்றாலும் வலது சக்கரங்களுக்குத்தான் பலகை வைக்கச் சொன்னார். அது அவருக்கே விசித்திரமாகப் பட்டு, யோசித்துக் காரணமும் கண்டுபிடித்தார்.

"மழைத்தண்ணி வடியணும்னு வண்டி நிறுத்துற எடத்தையெல்லாம் ஒரே பக்கமா சரிவு விட்டுப் போட்டிருக்கானுங்க. எந்த ஊர்லயும் பாரு, வலப்பக்கம் எறக்கம். எல்லாம் ஒரே புஸ்தகத்தப் படிச்சிட்டு வந்தவனுங்க."

"இருக்கும்," என்றேன்.

வாழ்நாளெல்லாம் பூமியை அளந்தவர். பூமி முழுக்க ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நம்பினாரே தவிர, தான் ஒட்டிய குமிழைச் சந்தேகப்படவில்லை. கழற்றித் திருப்பி வைத்துப் பார்த்தால் போதும். மட்டத்தைச் சோதிக்க அதுதான் முதல் பாடம் என்று கல்யாணமான புதிதில் எனக்கே சொல்லித்தந்திருக்கிறார்.

என் கணக்கு இதுதான். ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால் மருந்து வைக்க முடியாது. மருந்து வைக்க முடியாவிட்டால் பயணம் முடியாது. அலுத்துப்போய் ஒருநாள் வண்டியைத் திருப்புவார், வீட்டுக்குப் போய்விடலாம். யோசித்துப் பாருங்கள், இதில் நியாயமில்லாதது எதுவும் இல்லை. வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பார். நான் காரணம் சொன்னால் அந்தக் காரணம் எப்படித் தப்பு என்று விளக்குவார். அதைக் கேட்கத் தெம்பில்லாத களைப்பு எனக்கு. தூங்கினால் போகிற களைப்பு இல்லை அது.

அவருக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. குடம் குடமாகக் குடித்தார், அடிக்கடி வெளியே போனார். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டினார். விரலைக் குத்திச் சுகர் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தார். அதில் எண் ஏறிக்கொண்டே போனது. கருவி வெயிலில் கெட்டுவிட்டது என்றார். மருந்தின் அளவைத் தானே கொஞ்சம் கூட்டிக்கொண்டார். அந்தக் கருவி சரியாகத்தான் சொன்னது.

மகன் தூரத்தில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். போனை மேசையில் வைத்து மூவரும் பேசுவோம்.

"அப்பா, குரல் ஏன் இப்படி உள்ள போயிருக்கு? டாக்டரப் பாத்தீங்களா?"

"டாக்டருக்கு முன்னாடி மெக்கானிக்கப் பாக்கணும்டா."

"விளையாடாதீங்கப்பா. அம்மா, நீ சொல்லும்மா. சுகர் எவ்வளவு இருக்கு?"

"கொஞ்சம் கூடத்தான் இருக்கு. ஊருக்குள்ள போனதும் காட்டிடறோம்."

"மறந்துடாதம்மா."

"நான் எதடா மறந்திருக்கேன்?"

ஊருக்குள் போனோம். டாக்டரிடம் அல்ல. இவர் சொன்னபடி மெக்கானிக்கிடம்தான் போனோம். இந்த மாதிரி வேன்களுக்கு அடுப்பும் ஃபிரிட்ஜும் பார்க்கிறவர் என்று பக்கத்து வண்டிக்காரர் கைகாட்டினார். பருத்த உடம்பு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, அதைத் தேடிக்கொண்டே வேலை செய்கிற ஆள். பட்டறைக்குள் சிமெண்டுத் தரையில் வேனை ஏற்றச் சொன்னார்.

"சாய்வா கீய்வா நிறுத்திடறீங்களா சார்? சில பேரு சாய்ச்சு நிறுத்திட்டு ஃபிரிட்ஜத் திட்டுவாங்க."

இவர் முகம் சிவந்துவிட்டது. "யாரப் பாத்து என்ன கேக்குறீங்க? மட்டம் பாத்துச் சம்பளம் வாங்குனவன் நான்."

"சும்மா கேட்டேன் சார். கோவிச்சுக்காதீங்க."

இவர் விடவில்லை. வண்டிக்குள் எட்டிக் குமிழைப் பார்த்துவிட்டு வந்தார். "மொதல்ல உங்க தரையப் பாருங்க. இடப்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது."

மெக்கானிக் தரையைப் பார்த்தார். அவரும் வண்டிக்குள் எட்டிக் குமிழைப் பார்த்தார். "அப்படியா? இங்க தண்ணி ஊத்துனா ஓடாம நிக்குமே சார்."

"உங்க கண்ணுக்குத் தெரியாது. குமிழுக்குத் தெரியும்."

"பெரியவங்க சொன்னா சரிதான். தரை இடிஞ்சு விழாம இருந்தா எனக்குப் போதும்."

நான் அவர்கள் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். இப்போது யாராவது ஒருவர் அந்த ரசமட்டத்தைப் பிடுங்கிக் கையில் எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. முடிந்தால் நல்லதுதான் என்றும் தோன்றியது. யாரும் எடுக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. குடித்தேன்.

நெருப்பு வருகிற துளையில் அடைப்பு என்று மெக்கானிக் முடிவு கட்டினார். அதை மாற்றினார். வேறு இடமில்லாததால் அன்று பட்டறைக்குள்ளேயே தங்கினோம். பலகை வைக்கவில்லை. அந்தத் தரையில் மறுநாள் காலை ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டியிருந்தது. மெக்கானிக்குக்குத் தன் கைவேலையில் பெருமை. இவர் ஒரு துண்டு ஐஸை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார்.

"குளிருதா?"

"குளிருது."

"ஒன்னத் தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல அலையறேனேன்னு எனக்கே சங்கடமா இருந்துச்சு. இனிமே கவலையில்ல. புது மருந்து வாங்கிக்கலாம். இப்படியே மலைப்பக்கம் ஏறி, அந்தப் பக்கம் எறங்கி, கடலோரமா போயிடலாம். எங்கயும் நிறுத்தவே வேணாம்."

புது இன்சுலின் நான்தான் வாங்கி வந்தேன். வண்டிக்குத் திரும்பியதும் முன் இருக்கையில் உட்கார்ந்து ரசமட்டத்தின் அடியில் கையைக் கொண்டுபோனேன். அட்டையை எடுத்துவிடலாம் என்றுதான் போனேன். விரல் அட்டையில் பட்டது. நிறுத்தவே வேண்டாம் என்று அவர் சொன்னது காதில் இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன். புது மருந்தைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தேன். வேறு எங்கே வைப்பது? குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது.

அடுத்த இடத்தில் மறுபடி வலது சக்கரங்களுக்குப் பலகை. மறுபடி சூடு.

"டாக்டர் ரூமுக்குள்ள நொழைஞ்சதும் வலி போயிடுமே, அந்த மாதிரி இருக்கு இதோட கத," என்றார். முன்போல் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வண்டிகளே இல்லை. மருந்துக்குப்பியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "வெதுவெதுன்னு இருக்கே. கெட்டிருக்குமோ?"

"வெளியில வச்சாலும் ஒரு மாசம் தாங்கும்னு மருந்துக்கடைக்காரர் சொன்னாருங்க."

கடைக்காரர் அப்படிச் சொன்னது உண்மை. நல்ல நிழலில், வெயிலும் சூடும் படாமல் வைத்தால் என்று அதே மூச்சில் சொன்னார். பாதியை மட்டும் நான் சொன்னேன். முழுவதையும் கேட்கிற நிலையில் அவர் இல்லை, சோர்ந்திருந்தார்.

அதன்பின் ஆற்றங்கரைக்கு வந்தோம். நல்ல சமதரை, உயரமான மரங்கள், கண்ணுக்கெட்டியவரை யாருமில்லை. வழக்கம்போலப் பலகை வைத்தோம். ஏற்றி நிறுத்தியதும் ஹார்ன் அடிக்க மறந்துவிட்டு ஸ்டீயரிங்கில் தலைவைத்துப் படுத்துக்கொண்டார். அங்கே அவர் பேச்சு குறைய ஆரம்பித்தது. முதலில் வாக்கியங்கள் சின்னதாயின. பிறகு நடுவில் நின்றுபோயின. எனக்கு அது முதலில் பழகவில்லை. அவர் நிறுத்திய இடத்தில் காது தானாகக் காத்துக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டார். மேசையில் வைத்தேன். குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். டம்ளரின் விளிம்பு ஒரு வாட்டில் இருந்தது, தண்ணீர் வேறொரு வாட்டில் இருந்தது. இடப்பக்கம் தண்ணீர் விளிம்புக்குக் கிட்டே வந்திருந்தது. அவர் ஒற்றைக் கண்ணை மூடினார். கருவிக்குப் பின்னால் நிற்கும்போது மூடுகிற மாதிரி. நெடுநேரம் அப்படியே இருந்தார். எங்கள் வாழ்க்கையிலேயே அவர் அவ்வளவு நேரம் பேசாமலிருந்து நான் பார்த்ததில்லை.

"தண்ணி ஒரு பக்கமா நிக்குது," என்றார்.

"நேராத்தாங்க நிக்குது. சுகர் ஏறினா கண்ணு மங்கும்னு நீங்களே சொல்வீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். பிறகு கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"ஆமா. கண்ணுதான்."

அவர் தன் கண்ணை விட்டுவிட்டு என் சொல்லை எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொன்னால் நீங்கள் என்னைத் தவறாக நினைப்பீர்கள் என்று தெரியும். ஆனால் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னீர்கள்.

அதற்கு மறுநாள் வாந்தி எடுத்தார். மூச்சு வேகமாக வந்தது, அதில் கனிந்து அழுகின பழத்தின் வாசனை. ஆஸ்பத்திரி என்றார். "கொஞ்சம் தூங்கி எழுந்திரிங்க, போகலாம்," என்றேன். போனில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். போன் என் இடுப்பில்தான் இருந்தது. மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன், கையில் புத்தகம் இருந்தது. வேனின் கதவு திறந்துதான் இருந்தது. அவர் கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

ஒரு தடவை கூப்பிட்டார் என்று முன்பு சொன்னேன். இரண்டு தடவை என்று இப்போது நினைவு வருகிறது. இரண்டாவது தடவை கூப்பிட்டது என்னைத்தானா என்று தெரியவில்லை, அவருடைய அம்மாவை என்றும் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஆற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. மண்ணில் வெயில் நகர்ந்தது. நாற்காலியின் நிழல் என் காலடியிலிருந்து மெல்ல வெளியே போனது. அன்று நான் பல பக்கங்கள் படித்தேன்.

உள்ளே போனபோது முடிந்திருந்தது. தலை தாழ்ந்து, கால் உயர்ந்து கிடந்தார். அது பார்க்க நன்றாக இல்லை. எனக்கு வண்டி ஓட்ட வராது என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். சாவியைத் திருப்பிக் கை பிரேக்கை விடுவது எப்படி என்று இத்தனை காலம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்குத் தெரியாதா? வேன் மெல்ல முன்னால் உருண்டு பலகையைவிட்டு இறங்கி நின்றது. குமிழ் இடது ஓரத்துக்கு ஓடிவிட்டது. அவர் நேராகப் படுத்திருந்தார். தலையணையைச் சரிசெய்தேன். அதன்பிறகு மகனைக் கூப்பிட்டேன்.

ஊரிலிருந்து வந்த டாக்டர் அவருடைய ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சுகர்தான், இந்த வயதில் இப்படி ஊர் சுற்றியிருக்கக்கூடாது என்றார். மகன் மறுநாள் வந்தான். வழியெல்லாம் அழுதிருந்தான், உதடு காய்ந்திருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். வாயில் வைத்தவன் எடுத்துவிட்டான்.

"ஐஸா இருக்கேம்மா. ஃபிரிட்ஜ் ஓடலன்னுதானே அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரு?"

"இப்பத்தான் ஓடுது," என்றேன். "மெதுவா குடி, தொண்டை கட்டிக்கப் போகுது."

அவன் குடித்தான். அப்போது அவனுக்கு எதுவும் தோன்றவில்லை.

வேனை விற்றுத் தரச்சொல்லி அந்த மெக்கானிக்கிடமே விட்டான். துடைத்துச் சுத்தம் செய்யும்போது அவர் ரசமட்டத்தைக் கழற்றியிருக்கிறார். பட்டறைத் தரை கோணல் என்று சொன்னது அவர் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததாம். அடியிலிருந்து அட்டை விழுந்தது. பிரித்துப் பார்த்தால் மருந்துப் பெட்டியின் மூடி. அவர் மகனைக் கூப்பிட்டார். மகன் உங்களைக் கூப்பிட்டான். நீங்கள் என்னைக் கேட்டீர்கள், நான் சொல்லிவிட்டேன். யாரையும் நான் அலையவைக்கவில்லை.

இனி எழுத அதிகமில்லை. என் கணவர் இறந்துவிட்டார். அந்த ஆற்றங்கரையிலேயே எரித்தோம். மகன் வேலைக்குத் திரும்பிவிட்டான், ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவதில்லை. மெக்கானிக் தன்னிடம் வரும் எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்கிறாராம். பட்டறைத் தரையில் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறாராம். வேன் உங்கள் போலீஸ் நிலையத்துக்குப் பின்னால் வெயிலில் நிற்கிறது, ஃபிரிட்ஜில் ஒரு குறையும் இல்லை. எனக்குக் கொடுத்திருக்கும் அறையில் ஒரு பெஞ்சு இருக்கிறது. மத்தியானத்தில் சத்தமில்லை. வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த வீட்டை விற்றுத்தான் வேன் வாங்கினார். நாங்கள் புறப்படும் முன்பே சாவியைக் கொடுத்தாயிற்று, கையெழுத்து நானும் போட்டேன். அதில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. பின்னறையை இடித்துச் சமையலறையோடு சேர்த்துவிட்டார்கள்.

குமிழுக்கு அடியில் அட்டையை வைத்தது நான்தான். அவர் சாகட்டும் என்று வைக்கவில்லை. வண்டியைத் திருப்பினால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் வைத்தேன்.